கல்லின்மேல் நின்ற களஞ்சியம்

பழைய வரலாறு என்றதும் நாம் அரண்மனைகளையே நாடுகிறோம். மாணவ நண்பர்களே, நான் இன்று உங்களை ஒரு தானியக் களஞ்சியத்தின் அடியே குனிந்து பார்க்க அழைக்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. 1976ஆம் ஆண்டில்தான் அம்முறை நீங்கிற்று. ஜாகீர்தார்களுக்கு அடங்கி வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினருக்கு இன்னொரு பகையும் இருந்தது. அதுவே மண்ணின் ஈரம்.

திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மேலேறும், சுவரை அரிக்கும், தானியத்தைப் பூஞ்சணத்துக்கு இரையாக்கும். நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்குக்கு மேல் ஈரம் கொண்ட தானியம் நெடுநாள் தாங்காது. சாமை கெட்டால் அவ்வாண்டின் உணவு மட்டுமா போகும்? மறு ஆண்டின் விதையும் அல்லவா போகும்!

ஆகவே, கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் மலையாளிகள், மூங்கிலால் பின்னி மண் பூசிய களஞ்சியத்தைக் கற்களின்மேல் உயர்த்தி அமைத்தனர். கருங்கல் ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. அடியில் உலவும் காற்று எஞ்சியதை உலர்த்தும். எலிக்கும் வழி அரிதாகும். இன்றைய பொறியாளர் கடைக்காலுக்கும் சுவருக்கும் இடையே இடும் ஈரத்தடுப்பு அடுக்கின் நோக்கமும் இதுவே.

ஜாகீர்தார்களின் உரிமைகளை ஆவணங்கள் காத்தன; மக்களின் விதையைக் காத்தவை அந்தக் கற்கள். அவற்றையும் வரலாற்றுச் சான்றாகவே நான் மதிக்கிறேன்.