லோன் வேணும்னா இன்சூரன்ஸ் கட்டாயமா? வங்கியில் பாலிசி திணித்தால் என்ன செய்யலாம்?

"சார், லோனோட இந்த பாலிசியும் போட்டுடுங்க!" நகைக்கடன், லாக்கர், எஃப்.டி என எதற்காக வங்கிக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது. வேண்டாம்னு சொன்னா வேலை நடக்காதோ என்ற பயத்தில் பலரும் கையெழுத்து போட்டுவிடுகிறார்கள்.

கட்டாயமா?

இல்லை. வங்கி மூலம் இன்சூரன்ஸ் எடுப்பது வாடிக்கையாளரின் விருப்பம் மட்டுமே என்கிறது ரிசர்வ் வங்கி விதி. வீட்டுக்கடனுக்கு வீட்டுக் காப்பீடு கேட்டாலும், வங்கி காட்டும் நிறுவனத்தில்தான் எடுக்கணும் என்பதில்லை. லாக்கரில் உள்ள பொருட்களுக்கு வாடிக்கையாளரிடம் வங்கி இன்சூரன்ஸ் விற்கவே கூடாது.

எப்படி கண்டுபிடிப்பது?

எஃப்.டி போடப் போனவர் கையில் பாலிசி வந்து சேர்வதும் உண்டு. படிவத்தில் 'பிரீமியம்' என்று இருந்தால் அது எஃப்.டி அல்ல. கையெழுத்துக்கு முன் கவனிங்க.

கையெழுத்து போட்டாச்சா?

ஆயுள் காப்பீடு என்றால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பீடு இருந்த நாட்களுக்கான தொகை போக மீதிப் பணம் திரும்ப வரும்.

எங்கே புகார்?

முதலில் வங்கியிடம் எழுத்துபூர்வமாக புகார் கொடுங்க. 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க: 14448.