திறமூலம்

'திற' என்னும் வினையடியும் 'மூலம்' என்னும் வடசொல்லும் சேர்ந்தது. மூலம் என்றால் வேர்; உரைக்கு அடிப்படையான முதல் நூலும் அதுவே. 'மூலமும் உரையும்' என்று பதிப்புகளின் அட்டையில் காண்கிறோம். கணினியில் அது மென்பொருளின் மூல நிரல். எவரும் படிக்க, திருத்த, பகிர உரிமையுள்ளது திறமூலம்.

மருத்துவ ஆராய்ச்சியில் இதற்கு அருமையான சான்று, 1998இல் பாஸ்டனில் தொடங்கிய 'த்ரீடி ஸ்லைசர்' என்னும் மென்பொருள். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை முப்பரிமாண உருவமாக்கி, கட்டி எங்கே இருக்கிறது, ஊசி எவ்வழியே செல்லலாம் என்று ஆராய உதவுகிறது. நிரல் திறந்திருப்பதால் அதன் கணக்கை எந்த ஆய்வாளரும் சோதிக்கலாம்.

 

வேறு வழக்குகள்: திறந்த மூலம், திறவூற்று.