சோஃபி ஜெர்மேன்

சோஃபி ஜெர்மேன் (ஏப்ரல் 1, 1776 – ஜூன் 27, 1831) பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆவார். எண் கோட்பாட்டிலும் மீள்மைக் கோட்பாட்டிலும் ஆய்வு செய்தவர். எக்கல்லூரியிலும் பயின்றவரல்லர், எப்பதவியும் வகித்தவரல்லர்.

இளமையும் புனைபெயரும்

பாரிசில் வசதியான வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1789இல் புரட்சி மூண்டபோது வீட்டினுள் அடைபட்டிருந்த சோஃபி, தந்தையின் நூலகத்தில் ஆர்க்கிமிடீசின் மரணத்தைப் பற்றிப் படித்துக் கணிதத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 1794இல் தொடங்கப்பட்ட எக்கோல் பாலிடெக்னிக் பெண்களைச் சேர்க்கவில்லை (அந்நிலை மாறியது 1972இல்தான்). எனவே பாடக்குறிப்புகளைப் பெற்றுத் தாமே பயின்று, லெ பிளாங்க் என்ற ஆண் மாணவரின் பெயரில் லாக்ராஞ்சிக்குக் கட்டுரை அனுப்பினார். உண்மை தெரிந்தபின் லாக்ராஞ்சி அவரை ஊக்குவித்தார்.

1804 முதல் அதே பெயரில் செருமானியக் கணித மேதை காஸுக்கும் கடிதம் எழுதிவந்தார். 1806இல் பிரெஞ்சுப் படை பிரவுன்சுவிக் நகரில் புகுந்தபோது, ஆர்க்கிமிடீசுக்கு நேர்ந்தது காஸுக்கும் நேருமோ என்றஞ்சி, குடும்ப நண்பரான தளபதி பெர்னெத்தியிடம் அவரைக் காக்க வேண்டினார். காஸோ அப்படியொரு பெண்ணைத் தமக்குத் தெரியாது என்றார்! 1807இல் உண்மையறிந்து மனமாரப் பாராட்டி எழுதினார்.

ஃபெர்மாவின் கடைசித் தேற்றம்

ஒரு பகா எண்ணை இரட்டித்து 1 கூட்டினால் வருவதும் பகா எண்ணாயின், முதல் எண் 'சோஃபி ஜெர்மேன் பகா எண்' எனப்படும். 5 அத்தகையது (11 பகா எண்). 7 அன்று (15 பகு எண்). இரு முழு எண்களின் 5ஆம் அடுக்குகளைக் கூட்டி மூன்றாவதன் 5ஆம் அடுக்கைப் பெற முடியுமாயின், அம்மூன்றில் ஒன்றேனும் 5ஆல் வகுபட வேண்டும் என்பது இவர் முறையால் கிடைக்கும் முடிவு. 100க்குக் குறைந்த ஒற்றைப் பகா எண்கள் அனைத்திற்கும் இவ்வாறே நிறுவினார். அதுவரை தேற்றத்தை ஒவ்வோர் அடுக்காகவே அணுகினர். பல அடுக்குகளுக்கு ஒரே முறை கண்டதே இவரது சிறப்பு.

இதனை அவர் வெளியிடவில்லை. லெஜாண்டர் தம் ஆய்வுரையின் அடிக்குறிப்பொன்றில் அவர் பெயரைச் சுட்டியதாலேயே உலகம் அறிந்தது. பிற்காலத்தில் ஆராயப்பட்ட அவரது கையெழுத்துப் படிகள், தேற்றம் முழுவதையும் நிறுவ அவர் விரிவான திட்டம் வைத்திருந்ததைக் காட்டுகின்றன. 1819இல் காஸுக்கு அதனை விளக்கி எழுதினார். மறுமொழி வந்ததற்குச் சான்றில்லை.

மீள்மை

அதிரும் தகடுகளில் மணல் காட்டும் வடிவங்களுக்குக் கணித விளக்கம் கேட்டு அறிவித்த பரிசை, மூன்றாம் முயற்சியில், 1816இல் பெற்றார். முதல் கட்டுரையில் பிழைகள் இருந்தன. முறையான பயிற்சி மறுக்கப்பட்டவரிடம் அவை வியப்பளிப்பனவல்ல. பரிசளிப்பு விழாவிற்கு அவர் செல்லவில்லை.

மார்பகப் புற்றுநோயால் இறந்த அவரை, இறப்புப் பதிவேடு கணிதவியலாளர் எனக் குறிக்கவில்லை. சொத்து வருவாயில் வாழ்ந்தவர் என்றே குறித்தது.