உலோகமும் அமிலமும்

ஈப்போவை அடுத்த லகாட், கிந்தா சமவெளியின் ஈயத்தால் வளர்ந்த ஊர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தமிழர் இரப்பர்ப் பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்து உறையவைத்தனர். உலோகமும் அமிலமும் இவ்வாறு அவ்வட்டார வாழ்வோடு பிணைந்தவை. ஆயின் 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. தோண்டி விற்ற உலோகம் ஒருமுறையே விலை தந்தது.

உலோகத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. அது வினையூக்கியாக நின்று தொழிற்படுவது. நிறைவுறாக் கார்பாக்சிலிக் அமிலங்களுள் எளியது அக்ரிலிக் அமிலம். வண்ணப்பூச்சுக்கும் பசைக்கும் மூலமான இது, முன்னர் அசெட்டிலீனிலிருந்து நச்சுமிக்க நிக்கல் கார்பனைலின் துணையால் ஆக்கப்பட்டது. பின்னர்ப் புரொப்பிலீனை இரு படிகளில் ஆக்சிசனேற்றும் முறை அதன் இடத்தைப் பற்றியது. முதற்படியில் பிஸ்மத், மாலிப்டினம் ஆகியவற்றின் ஆக்சைடு அக்ரோலீனைத் தருகிறது. அடுத்த படியில் மாலிப்டினமும் வனேடியமும் சேர்ந்த ஆக்சைடு அதனை அமிலமாக்குகிறது. ஆக்சைடு தன் ஆக்சிசனை ஈந்து, இழந்ததைக் காற்றிலிருந்து மீட்டுக்கொள்கிறது. இத்தகைய சுழற்சியை 1954இல் மார்சும் வான் கிரெவெலனும் விளக்கினர்.

1997இல் பி.ஏ.எஸ்.எஃப்., பெட்ரோனாஸ் ஆகியவற்றின் கூட்டு நிறுவனம் தோன்றியது. அதன்வழிப் பகாங்கின் கெபேங்கில் இவ்வமிலத் தொழில் மலேசிய மண்ணில் வேரூன்றியது. அங்கு முதலில் வேண்டப்படுவது கைவலிமையன்று, வேதியியல் அறிவே. தோட்டத்து அமிலத்தைக் கையால் அறிந்தோரின் வழித்தோன்றல்கள் அதனை அறிவாலும் அறிதல் வேண்டும். அதற்கான முதற்பாடம் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலேயே தொடங்குகிறது.