காலும் சக்கரமும்: உடன்பிறந்தோர் எழுதும் சிறார் நூல்களைப் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை. ஆயினும் எழுதாமல் இருக்க இயலவில்லை.

சென்ற வாரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியை இடம் மாற்றியபோது, நூலால் தைத்த 16 பக்கக் கையெழுத்துப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பதினொன்றாம் வகுப்பில் படித்த காலத்தில் என் தம்பிக்காக நான் எழுதிப் படம் வரைந்தது. தம்பி என்னிலும் எட்டு வயது இளையவன். ஆறாம் வயது முதல் சக்கர நாற்காலியில் இயங்குபவன். கதை எளியது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு சிறுவன் எங்கள் ஊர்க் கோயில் குளத்தை மும்முறை வலம்வருகிறான். பூமியைத் தூக்கிய வராகமூர்த்தி அவனையும் தூக்கி நிறுத்துகிறார். சிறுவன் நடந்தே வீடு திரும்புகிறான். அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் தம்பி கேட்ட கேள்வி இன்றும் நினைவில் இருக்கிறது: "அக்கா, அப்ப என் வண்டி குளத்தங்கரையிலயே கிடக்கா? மழை பெஞ்சா நனைஞ்சு போகாதா?"

அன்று நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. புத்தகத்தை அவன் மறுமுறை எடுக்கவும் இல்லை. அக்கதையில் அவன் தேடியது தன் வண்டியை. நானோ அதைக் கதையிலிருந்து அகற்றுவதற்காகவே கதை எழுதியிருந்தேன். அந்த முடிவை எனக்குக் கற்பித்தது எது என்னும் கேள்வியே இப்பதிவின் பொருள்.

முதலில் நம் மரபைப் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டிலிருந்து தமிழில் செழித்த சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று நொண்டி நாடகம். திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம், ஞான நொண்டி நாடகம் எனச் சைவ, இஸ்லாமிய, கிறித்தவச் சூழல்கள் மூன்றிலும் இவ்வகை நூல்கள் தோன்றின. சமயம் மாறினாலும் கதைச் சட்டகம் பெரிதும் மாறுவதில்லை. நாயகன் ஒரு கள்வன். பரத்தையிடம் பொருள் இழக்கிறான், பொருள் வேண்டிக் குதிரை திருடப் போகிறான், பிடிபடுகிறான், தண்டனையாகக் கால் வெட்டப்படுகிறது. பின்னர் திருந்தி இறையருளை நாட, இழந்த கால் மீண்டும் வளர்கிறது. இவை அனைத்தையும் நொண்டியே மேடையில் தன் வாயால் பாடுகிறான். அப்பாட்டின் யாப்பு நொண்டிச் சிந்து என்றே பெயர் பெற்றது. பின்னாளில் பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் அதனைப் பெரிதும் பயன்படுத்தினார்.

இச்சட்டகத்தில் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. நடக்க இயலாமை குற்றத்தின் விளைவு என்பது ஒன்று. கதை நிறைவுற வேண்டுமாயின் கால் திரும்பி வரவேண்டும் என்பது மற்றொன்று. நொண்டி நாடகம் குழந்தைகளுக்காக எழுதப்பட்டதன்று. ஆயினும் நேர்த்திக்கடன் கதைகளாகவும் தலமகிமைக் கதைகளாகவும் இதே முடிவு நம் வீடுகளில் உலவுகிறது. நானும் அவற்றைக் கேட்டு வளர்ந்தவளே. என் கதையில் குதிரைத் திருட்டு இல்லை. முடிவு மட்டும் அப்படியே இருந்தது.

ஐரோப்பியச் சிறார் இலக்கியம் இதற்கு விலக்காக இருந்ததா எனில், இல்லை. சூசன் கூலிட்ஜின் 'வாட் கேட்டி டிட்' 1872இல் வெளிவந்தது. ஊஞ்சலிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கும் கேட்டி, பொறுமை கற்ற பின்னர் எழுந்து நடக்கிறாள். சுவிட்சர்லாந்து எழுத்தாளர் யோஹன்னா ஸ்பீரியின் 'ஹைடி' இரு பகுதிகளாக 1880, 1881 ஆகிய ஆண்டுகளில் வந்தது. அதில் கிளாராவின் சக்கர நாற்காலியைப் பொறாமை கொண்ட பீட்டர் மலைச்சரிவில் உருட்டிவிடுகிறான், நாற்காலி நொறுங்குகிறது, கிளாரா நடக்கிறாள். 1911இல் நூலாக வந்த பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'தி சீக்ரெட் கார்டன்' நூலில் காலின் தோட்டத்துக் காற்றில் நலம் பெற்று எழுகிறான். இறையருள் இருந்த இடத்தில் மலைக்காற்றும் நற்குணமும் வந்து அமர்ந்தன; முடிவு மாறவில்லை. 'ஹைடி'யில் நாற்காலி உடைந்துபோவதே கிளாரா நடப்பதற்கு வழியாகிறது. என் தம்பி அந்நூலைப் படித்திருந்தால் அங்கும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பான்.

இங்கே பொருள்சார் வரலாறு ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளாராவின் காலத்து நாற்காலி கனத்த தளவாடம். பெரும்பாலும் பிறர் தள்ளியே நகர்வது. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்டும் அவர் நண்பரான பொறியாளர் ஹாரி ஜென்னிங்ஸும் 1933இல் மடக்கக்கூடிய எஃகுக் குழாய் நாற்காலியை உருவாக்கினர். காரில் ஏற்றிச் செல்லலாம்; அமர்ந்திருப்பவரே சக்கரத்தைக் கையால் சுழற்றலாம். நாற்காலி சிறை என்னும் நிலையிலிருந்து வாகனம் என்னும் நிலைக்கு வந்தது. கதைகள் அதனை உணரப் பின்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

அத்திருப்பத்தில் குறிப்பிடத்தக்கவர் கனடிய எழுத்தாளர் ஜீன் லிட்டில். பார்வைக் குறைபாட்டோடு பிறந்த இவர், இயக்கக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆசிரியராகப் பணியாற்றினார். வகுப்பில் படித்துக்காட்ட நூல் தேடியபோது, கதைகளில் வரும் அத்தகைய குழந்தைகள் முடிவில் ஒன்று குணமடைகிறார்கள், அன்றி இறக்கிறார்கள் என்பதைக் கண்டார். தம் வகுப்புக் குழந்தைகளுக்கு அவ்விரண்டும் பொருந்தவில்லை. அதனால் அவரே எழுதத் தொடங்கினார். 1962இல் வெளிவந்த 'மைன் ஃபார் கீப்ஸ்' நூலில் பெருமூளை வாதமுள்ள சிறுமி சாலி இறுதிவரை அவ்வாறே இருக்கிறாள். அவள் வாழ்க்கைதான் விரிகிறது.

உடன்பிறந்தோரின் குரல் 1977இல் தெளிவாகக் கேட்கிறது. அவ்வாண்டு அமெரிக்காவில் ஜீன் வைட்ஹவுஸ் பீட்டர்சன் எழுதிய 'ஐ ஹேவ் எ சிஸ்டர், மை சிஸ்டர் இஸ் டெஃப்' வெளிவந்தது. செவிப்புலன் இல்லாத தங்கையோடு வளர்ந்த அனுபவமே நூலின் ஊற்று. இதில் மருத்துவர் இல்லை, சிகிச்சை இல்லை, கதைத்திருப்பமும் இல்லை. தங்கை எதைச் செய்வாள், எதைச் செய்யமாட்டாள், இரவில் எதற்கு அஞ்சுவாள் என்று அக்காள் சொல்லிக்கொண்டே போகிறாள்.

பெற்றோர் எழுதும் நூலுக்கும் உடன்பிறந்தோர் எழுதும் நூலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு என எண்ணுகிறேன். குறைபாடு இன்னதென்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து பெற்றோரின் கதை தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு காலம் இருந்தது, அது இழக்கப்பட்டது. இளைய உடன்பிறப்புக்கு அத்தகைய முற்காலமே இல்லை. கண் திறந்தபோதே அக்காளின் நாற்காலி வீட்டில் இருக்கிறது, கட்டிலும் மேசையும் இருப்பதுபோல. ரெபெக்கா எலியட்டின் 'ஜஸ்ட் பிகாஸ்' (2010) இதற்குச் சான்று. எழுதியவர் தாய், மாதிரி அவர்தம் மக்கள். ஆனால் கதை சொல்பவன் தம்பி டோபி. அக்காள் கிளெம்மி நடக்கமாட்டாள், பேசமாட்டாள். அதற்குக் காரணம் தேட அவனுக்குத் தோன்றவில்லை. அவள் அவனுக்கு உற்ற தோழி, அவ்வளவே. தாய் தன் குரலை விடுத்து மகனின் குரலை ஏற்றது தற்செயலானதாக எனக்குப் படவில்லை.

மூத்த உடன்பிறப்பின் நிலை இரண்டுக்கும் இடைப்பட்டது. தம்பி பிறந்த நாளும், வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிய மாலைகளும் எனக்கு நினைவிருக்கின்றன. என் கதை பெற்றோரின் கதையாக அமைந்ததற்கு அதுவே காரணமாகலாம்.

1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் நார்வேயின் தூர்திஸ் எர்யசேத்தர், குறைபாடுள்ள குழந்தைகளை அன்றாட வாழ்வில் இணைப்பதில் சிறார் நூல்களின் பங்கு குறித்து யுனெஸ்கோவுக்காக ஆய்வறிக்கை ஒன்று தந்தார். இவரும் மாற்றுத்திறனாளி மகனின் தாய். இவர் முயற்சியால் 1985இல் பன்னாட்டு இளையோர் நூல் வாரியத்தின் ஆவண மையம் நார்வேயில் உருவாயிற்று; பின்னர் அது கனடாவின் டொராண்டோ பொது நூலகத்துக்கு மாற்றப்பட்டது. எங்கள் திருவனந்தபுரத்தில் கேரள மாநிலக் குழந்தை இலக்கிய நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே 1981இல்தான்.

இந்தியாவில் நூல்களுக்கு முன் நிறுவனங்கள் வந்தன. அவற்றையும் தாய்மாரே தொடங்கினர். மகள் மாலினிக்காக மிது அலூர் 1972இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா, 1985இல் பூனம் நடராஜன் சென்னையில் தொடங்கிய, இன்று வித்யாசாகர் எனப்படும் அமைப்பு ஆகியவை முன்னோடிகள். நூல்களைப் பொறுத்தவரை, சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் பன்மொழிகளில் வெளியிடுவதால் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழி வீடுகளிலும் அதன் நூல்கள் புழங்குகின்றன. ஷீலா தீர் எழுதி வரைந்த 'வொய் ஆர் யூ அஃப்ரெய்ட் டு ஹோல்ட் மை ஹேண்ட்?' (1999), குழந்தையே பெரியவர்களின் தயக்கத்துக்கு மறுமொழி தருவதாக அமைந்தது. தாரிணி விஸ்வநாத் எழுதி நான்சி ராஜ் வரைந்த 'கேட்ச் தட் கேட்!' (2013) இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. டிப் டிப் என்னும் குறும்புக்காரச் சிறுமி சக்கர நாற்காலியில் காபி என்னும் பூனையைத் தேடிப் புறப்படுகிறாள். நாற்காலி கதையின் சிக்கல் அன்று. காணாமற்போன பூனைதான் சிக்கல். நந்திகா நம்பியின் 'அன்ப்ரோக்கன்' (2017) இளையோர் நாவலில் சக்கர நாற்காலியில் இருக்கும் அக்ருதி சினமும் கசப்பும் நிறைந்தவள். சாலியின் பொறுமையும் கிளாராவின் இனிமையும் அவளுக்குக் கட்டாயமில்லை. நல்லவளாக இருக்கவேண்டிய கடமையிலிருந்து விடுதலை பெறுவதும் ஒரு வரலாற்று மாற்றமே.

மொழியியல் படித்தவள் என்பதால் சொற்களைப் பற்றிச் சிறிது. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எண்வகைப் பிறவிக் குறைகளை 'எச்சம்' என்னும் சொல்லால் தொகுக்கிறார். இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என வழங்குவதும் இச்சொல்லே. முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பது எச்சம். நொண்டி நாடகமும் 'ஹைடி'யும் மனிதரை அவ்வாறே கண்டன: முடிவைத் தேடி நிற்கும் முற்றுப்பெறாத தொடராக. 'ஊனமுற்றோர்' என்பதன் இடத்தில் 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லைக் கலைஞர் மு. கருணாநிதியின் ஆட்சிக்காலத்தில் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. மலையாளத்தில் 'பின்னசேஷி' என்பதும் அதே போக்கினது. ஆயினும் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு இன்றும் பெயர் 'நொண்டி'தான். அரசாணை அலுவலகப் பலகையை மாற்றும். விளையாட்டிடத்தை மாற்ற வேறொன்று வேண்டும். சிறார் நூல் அதைச் செய்யக்கூடும்.

'சக்கர நாற்காலி' என்னும் சொல்லாட்சியும் சிந்திக்கத்தக்கது. நான்கு கால் உடையது நாற்காலி; அக்கால்களின் இடத்தில் சக்கரம் வந்தபின்னும் பெயரில் கால் நிற்கிறது. இலங்கைத் தமிழில் கதிரை என்பர். அது போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்தது, அதில் கால் இல்லை. ஆனால் பழந்தமிழில் 'கால்' என்பதற்கே சக்கரம் என்னும் பொருள் உண்டு. திருக்குறளின் 496ஆம் குறள் தேர்ச்சக்கரத்தைக் கால் என்றே சுட்டுகிறது. உடலைச் சுமந்து செல்வது கால். தேரைச் சுமந்து செல்வதும் கால். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று இம்மொழி பேசியோர் கருதிய காலம் ஒன்று இருந்தது. இதைத் தம்பியிடம் சொன்னபோது, "அப்ப எனக்கும் நாலு கால் இருக்கு, அக்காவுக்கு ரெண்டுதான்" என்றான்.

இறுதியாக ஓர் ஐயம், என்னையே நோக்கி. உடன்பிறந்தவர் எழுதும் நூலில் கதை எவருடையது? பீட்டர்சனின் நூலில் தங்கையைப் பற்றி அக்காள் பேசுகிறாள், தங்கை பேசவில்லை. 'ஜஸ்ட் பிகாஸ்' நூலிலும் கிளெம்மியின் சொல் இல்லை. அன்பு மெய்யானது என்பதால் மட்டும் பிறர் வாழ்வைச் சொல்லும் உரிமை வந்துவிடுமா? நொண்டி நாடகத்தில் நொண்டிதான் பேசுகிறான் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவனுக்கு வாய்த்த கதை கொடியது. பேச்சு அவனுடையதாக அமைந்தது. அக்குரலையும் இன்றைய கதைகளின் பார்வையையும் ஒருங்கே பெற்ற நூல்கள் இன்னும் பெருக வேண்டும்.

பழைய புத்தகத்தைத் தம்பியிடம் காட்டினேன். இப்போது அவனுக்கு முடிவை மாற்ற வேண்டும். இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். எழுத்து அவனுடையது, படம் என்னுடையது. கோயில் குளக்கரையின் படிக்கட்டு வரை வந்து நிற்கும் சிறுவன், கீழே இறங்க வழியில்லாமல், படியில் அமர்ந்திருக்கும் ஆமை ஒன்றோடு வாதிடுகிறான். வராகமூர்த்தி வருவாரா என்று கேட்டேன். "வரட்டும். ஆனா என்னைத் தூக்க வேண்டாம். அந்தப் படியை உடைச்சு ஒரு சாய்தளம் போட்டுக் கொடுத்தா போதும்" என்றான்.

தமிழில் சக்கர நாற்காலியில் இயங்குவோர் தாமே எழுதிய சிறார் நூல்களை அறிந்தோர் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.