ஏ.பி.எஸ். பிரேக்
வாகனத்தைத் திடீரென நிறுத்தும்போது சக்கரம் இறுகிச் சறுக்குவதைத் தடுக்கும் மின்னணு அமைப்பு. சக்கரங்களில் உள்ள உணரிகள் சுழல்வேகத்தை ஓயாமல் அளக்கின்றன. ஒரு சக்கரத்தின் வேகம் சட்டெனச் சரிந்தால், சிறு கணினியில் ஓடும் மென்பொருள் அச்சக்கரத்துக்கான பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைத்து, பிடிப்பு மீண்டதும் மறுபடி கூட்டுகிறது. ஒரு விநாடிக்குள் இது பலமுறை நிகழும்; எத்தனை தேர்ந்த ஓட்டுநராலும் காலால் இதைச் செய்ய இயலாது. அப்போது பிரேக் மிதி அதிர்வது இயல்பே. அஞ்சிக் காலை எடுத்துவிடக் கூடாது. பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப முடிவதுதான் இதன் பெரும்பயன். சரளையிலும் தளர்மணலிலும் நிற்கும் தூரம் கூடலாம். பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். 1978-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ் வகைக் காரில் வந்தது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயம்.