வாசலுக்காகப் பிறந்த கேமரா

வீட்டுக்கு கேமரா பொருத்த வருகிறவர் பெரும்பாலும் முதல் வேலையாக ஏணியைச் சாத்துகிறார். சன்ஷேடுக்கு அடியில் ஒன்று, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒன்று, கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை தெரியும்படி இன்னொன்று. உயரத்தில் இருந்தால் எல்லாம் தெரியும், யாரும் கைவைக்க முடியாது என்பது அவர் சொல்லும் காரணம். வீட்டுக்காரரும் ஒப்புக்கொள்கிறார். இந்த வழக்கம் வீட்டின் தேவையிலிருந்து வந்ததா என்று யாரும் நின்று கேட்பதில்லை. வீட்டுக் கேமராவின் அறுபது ஆண்டு வரலாறு அதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது: அந்தக் கருவி வாசலுக்காகப் பிறந்தது. கூரைக்கும் தெருவுக்கும் அதை ஏற்றியது வேறொரு மரபு. அந்த மரபை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்ததால் நாம் இரண்டை இழந்திருக்கிறோம். ஒன்று, வந்தவர் முகம். மற்றொன்று, அக்கம்பக்கத்தாருக்கு நாம் தர வேண்டிய மரியாதை.

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்றொரு பேட்டை உண்டு. அங்கே வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு செவிலியர். கணவர் ஆல்பர்ட் பிரவுன் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். இருவருக்கும் வேலை நேரம் ஒத்துப்போகாததால் மேரி பல இரவுகளில் வீட்டில் தனியாக இருந்தார். குற்றங்கள் மிகுந்த அந்தப் பகுதியில் போலீஸ் வந்து சேரவும் நேரமாகும். கதவு தட்டப்படும்போது எழுந்துபோய் கதவருகே நிற்பதே ஆபத்தாக இருந்த நிலையில், தம்பதியர் 1966 ஆகஸ்டில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2 அன்று அது கிடைத்தது. அவர்கள் வரைந்த அமைப்பில் கேமராவுக்கு ஒரே இடம்தான்: வாசல் கதவின் உட்புறம். கதவில் ஒன்றின்கீழ் ஒன்றாக நான்கு துளைகள். மேலே உள்ளது உயரமானவருக்கு, கீழே உள்ளது சிறுவர்களுக்கு. கேமரா மோட்டாரின் உதவியால் மேலும் கீழும் நகர்ந்து, வந்தவரின் முகம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்தத் துளைக்கு நேரே வந்து நிற்கும். படுக்கையறைத் தொலைக்காட்சியில் படம் தெரியும். மைக் வழியே பேசலாம். தெரிந்தவரானால் பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம். சந்தேகம் என்றால் இன்னொரு பொத்தான் எச்சரிக்கை அனுப்பும். கேமராவை உயரத்தில் நிறுத்திக் கீழே பார்க்க வைப்பது செலவு குறைந்த வழி. அதை விட்டுவிட்டு, முகத்துக்கு நேரே கொண்டுவர ஒரு மோட்டாரையே சேர்த்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வந்திருப்பது யார், திறக்கலாமா என்ற கேள்விக்கு முகம்தான் பதில் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு மரபு இதற்கு முந்தையது. 1942-இல் ஜெர்மனியின் பீனமுண்டே தளத்தில் வி-2 ராக்கெட் ஏவுதலைத் தொலைவிலிருந்து பார்க்க வால்டர் புரூக் என்ற பொறியாளர் அமைத்த மூடிய சுற்றுத் தொலைக்காட்சிதான் சிசிடிவியின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அங்கே மனிதன் நிற்க முடியாத இடத்தைக் கேமரா பார்த்தது. 1960-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூட்டத்தைக் கவனிக்கப் போலீஸ் தற்காலிகமாகக் கேமரா வைத்தது. 1968-இல் நியூயார்க் மாநிலத்தின் ஓலியன் என்ற சிற்றூரில் கடைத்தெருவையே கேமராக்கள் பார்க்கத் தொடங்கின. இவை அரசின் கண்கள். யார் வருவார் என்று தெரியாது, எல்லோரையும் பார்க்க வேண்டும். ஆகவே கம்பத்தின் உச்சி அவற்றுக்குப் பொருத்தமான இடம். பிரவுன் தம்பதியின் அமைப்போ பெரிய அளவில் உற்பத்திக்குப் போகவில்லை. 1970-களின் நடுவில் வீடியோ டேப் மலிவானதும், பார்ப்பதைவிடப் பதிந்து வைப்பது சுலபமாயிற்று. கடைக்கும் வங்கிக்கும் பொருத்தப் பழகிய கைகளே பிறகு வீடுகளுக்கும் வந்தன. 1996-இல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் இணையத்தோடு இணையும் கேமராவைக் கொண்டுவந்த பிறகு விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. வாசலுக்கு உரிய கருவி, தெருக் கம்பத்தின் உயரத்தோடும் பார்வையோடும் வீட்டில் குடியேறியது இப்படித்தான்.

இதனால் என்ன நஷ்டம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2014-இல் வெளியான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை, முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது. தெரிந்த முகத்தை இன்னார் என்று கண்டுகொள்ள 125 போதும். ஏதோ ஒரு ஆள் நடமாட்டம் என்று அறிய 25. சாதாரண ஃபுல் எச்டி கேமராவின் படத்தில் குறுக்கே 1,920 பிக்சல்கள். 90 டிகிரி அகலம் பார்க்கும் லென்ஸ் என்றால், 10 மீட்டர் தொலைவில் அது 20 மீட்டர் அகலத்தை அள்ளிக்கொள்கிறது. மீட்டருக்குக் கிடைப்பது 96 பிக்சல். தெரிந்தவரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. அதே கேமரா அடையாளம் காட்டும் தூரம் 4 மீட்டருக்கும் குறைவு. 4கே கேமரா வாங்கினால் போயிற்று என்பவர்களுக்கும் அந்த எல்லை 8 மீட்டரைத் தொடாது. கோணம் எந்தக் கேமராவையும் விடாது: 4 மீட்டர் உயரத்தில் மாட்டிய கேமரா, 2 மீட்டர் தள்ளி நிற்பவரை 50 டிகிரிக்கு மேல் சாய்வாகப் பார்க்கும். பதிவாவது உச்சந்தலையும் தொப்பியின் விளிம்பும்தான். அதையே சுமார் 2 மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் சாய்வு 20 டிகிரிக்குள் வந்து முகம் முழுதாகக் கிடைக்கும்.

கைக்கெட்டும் உயரத்தில் வைத்தால் உடைத்துவிடுவார்களே என்பது நியாயமான கேள்வி. உடைக்க வருகிறவனும் முகத்தைக் காட்டாமல் நெருங்க முடியாது என்பது பாதிப் பதில். பதிவு கேமராவுக்குள் தங்காமல் வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கோ இணையத்துக்கோ உடனுக்குடன் போய்விட்டால், கேமரா போனாலும் படம் மிஞ்சும் என்பது மீதிப் பதில். முகமூடி போட்டு வருகிறவனை எந்த உயரமும் காட்டிக்கொடுக்காது. அங்கே நல்ல பூட்டும் வெளிச்சமும் செய்யும் வேலையைக் கேமராவிடம் எதிர்பார்க்கக் கூடாது. திருடன் முன்வாசல் வழியாகவா வருவான் என்று கேட்டால், கொல்லைப்புறக் கதவும் மாடிப்படியின் மேற்கதவும்கூட வாசல்களே. உள்ளே நுழையும் இடம் ஒவ்வொன்றையும் முகமட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் பிரவுன் தம்பதியின் வரைபடம் தரும் விதி. நான்கு கேமரா வாங்குகிறவர் நான்கையும் தெருவை நோக்கித் திருப்பிவிட்டுக் கொல்லைப்புறத்தை இருட்டில் விடுவதுதான் உண்மையான ஓட்டை.

பார்வை எதற்காக என்ற கேள்வியும் இடத்தோடு ஒட்டியது. பொது இடக் கேமராக்கள் குறித்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஆள் வைத்து நேரடியாகக் கவனித்த இடங்களில் பயன் கூடுதல். வெறுமனே பதிந்துகொண்டிருந்த இடங்களில் குறைவு. வீட்டில் யாரும் நாள் முழுக்கத் தெருவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் வாசலில் ஒருவர் வந்து நின்றதும் கைபேசி ஒலித்தால், வெளியூரில் இருந்தாலும் எடுத்துப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். 2013-க்குப் பிறகு அமெரிக்காவில் பரவிய அழைப்புமணிக் கேமராக்கள் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் கதவருகே பொருத்தப்படுகின்றன. மேரி பிரவுன் வரைந்த இடத்துக்கே கருவி திரும்பியிருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: தெருவைப் பார்க்கும் கேமராவால் எத்தனையோ வழக்குகள் துலங்குகின்றனவே? உண்மை. அந்தப் பயனை மறைக்கத் தேவையில்லை. செக் நாட்டில் ஒரு குடும்பத்தின் வீட்டுச் சன்னல்கள் திரும்பத் திரும்ப உடைக்கப்பட்டன. வீட்டுக்காரர் கூரை இறவாணத்தின் கீழே கேமரா வைத்தார். 2007 அக்டோபரில் கவண் கொண்டு சன்னலை உடைத்தபோது, சந்தேகத்துக்குரிய இருவரை அடையாளம் காண அந்தப் பதிவு உதவியது. ஆனால் அதே கேமரா பொது நடைபாதையையும் எதிர்வீட்டு வாசலையும் இடைவிடாமல் பதிந்துகொண்டிருந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2014 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது: பொது இடத்தைப் பதியும் வீட்டுக் கேமராவை முற்றிலும் சொந்த வீட்டு விவகாரம் என்று சொல்லித் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது, அதே சமயம், வீட்டுக்காரரின் பாதுகாப்புத் தேவையையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே எடைபோட வேண்டும். 2021-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நீதிமன்றம் ஓர் அண்டை வீட்டு வழக்கில் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. வாசல்மணிக் கேமராவின் படத்தை அது ஏற்றது. தன் எல்லையைத் தாண்டி வண்டிப்பாதையைப் பார்த்த கேமராவையும், வெகுதூரப் பேச்சைப் பிடித்த ஒலிப்பதிவையும் ஏற்கவில்லை. தெருவைக் காப்பது ஊரின் வேலை. ஊர் வைக்கும் கேமராவுக்குப் பதில் சொல்ல ஒரு அலுவலகம் இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் எப்போது வெளியே போய் எப்போது திரும்பினாள் என்ற பதிவு ஒரு தனிமனிதர் கைபேசியில் இருந்தால் அதற்குப் பதில் சொல்ல அப்படியோர் அலுவலகம் இல்லை.

இந்தியாவில் இந்தப் பொறுப்பு இன்னும் நேராக நம் தலையில் விழுகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஆனால் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனிமனிதர் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் கையாளும் தரவுக்கு விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கைத் தெருவரை நீட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. சட்டம் வந்து கையைப் பிடிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கேமரா வாங்குகிறவர்கள் ஒரு மாலை நேரம் ஒதுக்கி வீட்டைச் சுற்றி வந்து, உள்ளே நுழைய எத்தனை வழி என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் வந்து நிற்பவரின் முகத்துக்கு நேராக ஒரு கேமரா வையுங்கள். படத்தில் பக்கத்து வீட்டுச் சன்னலோ கதவோ தெரிந்தால் கோணத்தைத் திருப்புங்கள், முடியாவிட்டால் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஒலிப்பதிவு தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பொருத்துகிறவர் ஏணியை எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.